வேலிப் பெட்டிக்குள் இரண்டாவது கண்டன்சர்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பன்னிரண்டு வருடம் கடை வைத்து ரேடியோ, டிவி, ஸ்டெபிலைசர் என்று ரிப்பேர் பார்த்தவள் நான். அத்தனை வருடமும், ஒரு கண்டன்சரைத் தொடுவதற்கு முன் என் உள்ளங்கை வேர்க்காத நாள் கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் முதலில் உள்ளே எட்டிப் பார்த்து மெக்கானிக் இல்லையா என்று கேட்பார்கள். நான்தான் என்று சொன்னால் சிலர் பொருளை வைப்பார்கள், சிலர் அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. பயம் மட்டும் பழகவில்லை.

அந்தப் பயம் சேலத்தில் டிப்ளமோ படித்தபோது பிடித்தது. கண்டன்சர் என்பது மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். பாடப் புத்தகத்தில் மின்தேக்கி என்று போட்டிருக்கும். சுவிட்சை அணைத்து ஒயரைப் பிடுங்கிய பிறகும் அது பிடித்ததை விடாது. அதனால் தொடுவதற்கு முன் அதன் இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்து வைக்க வேண்டும். பட்டென்று ஒரு பொறி வரும், உள்ளே இருந்தது போய்விடும். ஒருநாள் லேபில் இரண்டு கண்டன்சர்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக, தொடர் இணைப்பில் இருந்தன. நான் முறைப்படி இரண்டு கடைசி முனைகளையும் சேர்த்தேன். பொறி வந்தது. இனி ஒன்றுமில்லை என்று நம்பி, இரண்டும் ஒட்டிக்கொள்ளும் நடு இணைப்பில் ஒரு கையும் ஓரத்தில் ஒரு கையுமாகப் பிடித்தேன்.

நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ உதைத்தது போல இருந்தது. ஸ்டூலோடு பின்னால் விழுந்தேன். இரண்டில் ஒன்று பழையது. நான் தொடுவதற்கு முன்பே தன்னிடம் இருந்ததைக் கசியவிட்டிருக்கிறது. மற்றது விடாமல் வைத்திருந்தது. நான் ஓரங்களைச் சேர்த்ததும், வைத்திருந்தது காலியாக இருந்ததற்குப் பங்கு கொடுத்துவிட்டு, இரண்டும் எதிரெதிராக நின்றுகொண்டன. வெளியே அளந்தால் பூஜ்யம். நடுவில் தொட்டால் அடி. இதெல்லாம் பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டது. அன்று முதல் எந்தக் கண்டன்சரானாலும் தனித்தனியாக இரண்டு முறை ஷார்ட் செய்வேன், அதற்குப் பிறகும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மாசி மாதத்தில் அந்த விவசாயி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்குப் போகும் ரோட்டில், கல்வராயன் மலையடியில் மூன்று ஏக்கர் மரவள்ளி போட்டிருந்தார். யூரியா சாக்கிலிருந்து பிஸ்கட் டின் அளவில் ஒரு தகரப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பன்னி வேலிக்குப் போட்ட பொட்டிமா. தட்டுது. ஆனா பன்னி மதிக்க மாட்டேங்குது. தெனம் வந்து கெழங்க நோண்டிக்கினு இருக்குது."

சட்டைப் பையிலிருந்து செய்தித்தாளில் சுருட்டிய இன்னொரு பொருளை எடுத்தார். பிரித்தால், பெட்டிக்குள் இருப்பதைப் போலவே ஒரு கண்டன்சர். சேலத்தில் யாரோ சொல்லி வாங்கியிருக்கிறார். இதையும் சேர்த்துவிட்டால் அடி இரட்டிப்பாகும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்குள் கண்டன்சர் நிரம்பும், ஒரு விநாடிக்கு ஒரு முறை தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒரு காயிலுக்குள் கொட்டும், காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கி வேலிக் கம்பியில் விடும். கண்ணிமைக்கும் நேரம்தான். தொட்டால் சுண்டிவிட்டுப் போகுமே தவிர ஆளைக் கொல்லாது. இரண்டாவது கண்டன்சரை முதலாவதற்குப் பக்கத்தில், பக்க இணைப்பில் வைத்தால் இரண்டும் முழுதாக நிரம்பும், கொட்டுவது இரட்டிப்பாகும். அதையே முதலாவதற்குப் பின்னால், தொடர் இணைப்பில் வைத்தால் ஆளுக்குப் பாதி வோல்ட்டேஜைப் பகிர்ந்துகொண்டு, கொட்டுவது பாதியாகிவிடும். அதே இரண்டு டப்பா, அதே ஒயர். ஈயம் வைக்கிற இடம்தான் வேறு.

அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் உண்டா என்று கேட்டேன். நிலத்தின் குறுக்கே ஒற்றையடிப் பாதை போகிறது, மலைக்காரர்கள் இறங்கி ஏறுவார்கள், ஆனால் விடிந்ததும் அணைத்துவிட்டுப் பொழுது சாய்ந்துதான் போடுவோம் என்றார். இருட்டில் யார் வரப் போகிறார்கள் என்றும் சொன்னார்.

யார் வருவார் என்று எனக்குத் தெரியும். மலையில் ஒரு சிற்றூரிலிருந்து ஒருத்தி பத்து நாளைக்கு ஒருமுறை கடுக்காயும் புளியும் எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வருவாள். என் வயதுதான் இருக்கும். ஆறு வயது மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். விற்று முடிந்ததும் பேருந்துக்கு நேரமிருந்தால் என் கடையில் உட்கார்ந்திருப்பாள். முதல் பேருந்தைப் பிடிக்க விடிவதற்கு முன்பே கிளம்பி இறங்குவதையும், வழியில் ஒரு மரவள்ளிக் காட்டில் அடிக் கம்பியைக் கவைக் கோலால் தூக்கிப் பிடித்து மகளை முதலில் நுழையவிடுவதையும் அவள்தான் சொல்லியிருந்தாள். புளியமரத்து ஸ்டாப்புக்கு மேலே என்றும் சொல்லியிருந்தாள். இவரும் அதே ஸ்டாப்பைத்தான் சொன்னார்.

செய்ய மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வேறு கடைக்குப் போவார், அங்கே ஐந்து நிமிடத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஏன் செய்ய முடியாது என்று அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். பொம்பளை மெக்கானிக்குக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் ஒரு பக்கம், பெரிய மனிதரிடம் எதிர்த்துப் பேசும் பயம் ஒரு பக்கம். போட்டுத் தருகிறேன் என்று சொல்லி அவரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவது கண்டன்சரைத் தொடர் இணைப்பில் வைத்தேன்.

அவர் வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். இரண்டு டப்பாக்கள் ஜோடியாக உட்கார்ந்திருந்தன. பிளக்கைச் செருகினேன். டக், டக் என்று பழையபடி தட்டியது.

"இப்ப ஜாஸ்தி ஆயிடுச்சாமா?"

"ரெண்டு வச்சிருக்கேங்கண்ணா."

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடியைத் திருகி மாட்டிக் கொடுத்தேன். அவர் சந்தோஷமாகச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றைக்கு இருந்த நிம்மதி ஒரு நாள்தான். மறுநாளிலிருந்து சந்தில் யார் யூரியா சாக்கோடு வந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு அவர்தானா என்று எட்டிப் பார்த்தேன். அவர் வேறு யாரிடமாவது பெட்டியைக் காட்டி, அந்த ஆள் பார்த்த உடனே சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? கணவர் சர்க்கரை ஆலை வேலைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அவரிடமும் சொல்லவில்லை. ஒருவரை ஏமாற்றியது இன்னொருவருக்குத் தெரிந்தால் அது இன்னும் நிஜமாகிவிடும் என்று தோன்றியது.

அடுத்த முறை மலைக்காரி வந்தபோது தானாகவே பேச்சை எடுத்தாள். மரவள்ளிக் காட்டுக் கம்பி தோளில் பட்டுவிட்டதாம். "முன்ன தோள்பட்ட வரைக்கும் இழுக்கும்க்கா. இப்ப எறும்பு கடிச்ச மாரி இருக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். மகளும் வேண்டுமென்றே ஒரு விரலால் தொட்டுப் பார்த்ததாகச் சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர்கள் போன பிறகுதான் சில்லென்றது. ஆறு வயதுப் பிள்ளைக்கே எறும்புக் கடி என்றால், அந்தத் தோலுக்கும் மயிருக்கும் பன்றிக்கு அது என்ன? அவர் காடு என்னவாகிக்கொண்டிருக்கும்? பெட்டியைத் திரும்ப வாங்கி, இரண்டாவதை எடுத்துவிட்டு, பழையபடியாவது ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்குப் போகலாம், நாளன்றைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். போனால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பங்குனி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை மலைக்காரியும் மகளும் வந்திருந்தார்கள். மூன்றரை மணிக்கு என் கடையிலிருந்து எழுந்து, நாலு மணிப் பேருந்துக்குப் போவதற்கு முன் கடைத்தெருவில் மகளுக்கு வளையல் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, விவசாயி உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சின்னசேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழி. கையில் அந்தத் தகரப் பெட்டி.

அதை மேசைமேல் வைத்தார். தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் குரலில் கோபமே இல்லை.

"இது வேணாம்மா, நீயே வச்சுக்க. ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல, நீ ரெண்டு வச்சுத்தான் குடுத்த. ரெண்டுக்கும் அடங்கல. முக்கா ஏக்கரா கெழங்கு போயிடுச்சு. அதான் மோட்டார் கொட்டாயிலேர்ந்து நேரா லைன இழுத்துக் கம்பியில குடுத்துட்டேன். இன்னைக்குத்தான் மொதோ தடவ. ஆறு மணிக்கு வூட்டுல போட்டுருவாங்க."

"நேராவாண்ணா?" என்றேன்.

நேராகத்தான் என்றார். பேருந்து வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார். ரிப்பேருக்குக் கொடுத்த ஸ்டெபிலைசரை வாங்க வந்த ஒருவர் கடையில் நின்றுகொண்டு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பதில்கூடச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. விவசாயியைக் கூப்பிட வேண்டும், நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, வாய் வரவில்லை. கூப்பிட்டு நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். அந்த அரை நிமிடத்தை இன்றுவரை என்னால் நியாயப்படுத்த முடிந்ததில்லை. நான் சந்து முனைக்கு ஓடியபோது சின்னசேலம் பேருந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

மலையடிப் பேருந்தும் போய்விட்டிருந்தது. அவளும் மகளும் அதில் போயிருப்பார்கள். விவசாயி வீட்டில் போன் கிடையாது, அந்த ஊரிலேயே யாரிடமும் எனக்குத் தெரிந்து கிடையாது. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு அடுத்த பேருந்தில் ஏறினேன். அது நாலே முக்காலுக்குத்தான் எடுத்தது.

கரும்பு வெட்டுக் காலம். கச்சிராயபாளையம் ரோட்டில் கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. டிரைவர் ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று நிற்கும். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டி தட்டும், தட்டிவிட்டு விட்டுவிடும். அடுத்த தட்டுக்குள் கையை எடுத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் அதைக் கண்டன்சரை வைத்துச் செய்கிறார்கள். கொட்டுவதற்கு அதனிடம் ஒரு கையளவுதான் இருக்கும். லைன் அப்படியல்ல. பிடித்தால் விடாது, தீராது. அவள் கவைக் கோலால் தூக்குவாள். கோல் காய்ந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. மகள் நுழையும்போது முதுகு உரசும்.

கண்டக்டரிடம் சொல்லலாமா என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். அவரால் என்ன செய்ய முடியும்? மலையடியில் பொழுது சீக்கிரமே விழுந்துவிடும். மேற்கே மலை இருப்பதால் சூரியன் அதற்குப் பின்னால் இறங்கியதும் இந்தப் பக்கம் சட்டென்று மங்கிப்போகும். அணை ரோட்டுக்குப் பேருந்து திரும்பியபோதே மலை கறுத்துவிட்டது. கைக்கடிகாரத்தில் ஆறு மணி தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

புளியமரத்து ஸ்டாப்பில் இறங்கி வண்டிப் பாதையில் ஓடினேன். ஒரே ஒரு வீடுதான் வெளிச்சத்தோடு இருந்தது. முற்றத்தில் ஒரு பெண் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். விவசாயியின் மனைவி என்று கேட்காமலே தெரிந்தது.

வேலியை அணைக்கச் சொன்னேன். மூச்சு வாங்கியதில் பாதி வார்த்தைதான் வந்தது.

"நீ யாருமா?"

"பொட்டி ரிப்பேர் பண்ணவ. கள்ளக்குறிச்சியில கட வச்சிருக்கேங்க. மலைக்காரப் பொம்பள ஒருத்தி கொழந்தையக் கூட்டிக்கினு அந்தப் பாதையிலதான் வர்றா. அணைங்கக்கா."

இப்போதுதான் போட்டுவிட்டு வந்தேன் என்றார். இந்த நேரத்தில் யாரும் வர மாட்டார்கள் என்று அவரும் சொன்னார். வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அணைத்து வைத்து இன்று ராத்திரியும் பன்றி வந்துவிட்டால் அவருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். அவர் சொன்னதில் தவறே இல்லை. கண்ணெதிரே போன கிழங்கு அவருடையது.

"அந்தப் பொட்டிய நான்தான் வேணும்னே கம்மி பண்ணேங்க," என்றேன். "அண்ணன் ஜாஸ்தி பண்ணச் சொன்னாரு. நான் பயந்துக்கினு பாதியாக்கிட்டேன். அதனாலதான் பன்னி அடங்கல. அதனாலதான் அவரு லைன இழுத்தாரு."

அவர் தவிட்டுக் கையோடு என்னையே பார்த்தார். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கூரை இறவாணத்தில் செருகியிருந்த சாவியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

மோட்டார் கொட்டகை இரண்டு கழனி தள்ளி இருந்தது. அவர் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். எனக்கு அது போதவில்லை. மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி என் கையில் வைத்துக்கொண்டேன். கொட்டகைச் சுவர் ஓரமாக வேலிக்குப் போன ஒயரையும் அவர் கொடுத்த காய்ந்த கழியால் தட்டி விலக்கிவிட்டேன். இதற்கு மேல் அந்தக் கம்பியில் ஒன்றும் இருக்க வழியில்லை. இருந்தும் வேலியை ஒட்டி நடக்கும்போது ஒரு முழம் தள்ளியே நடந்தேன்.

அந்த அம்மா தங்கள் வீட்டு நாயைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எப்போதும் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தால் ஓடி வருமாம். வரவில்லை. மேல்பக்க வேலியில், ஒற்றையடிப் பாதை மலைக்குப் போகும் இடத்தில் அதைப் பார்த்தோம். செவலை நாய். கம்பிக்குக் கீழே கழுத்தை நீட்டியபடி கிடந்தது. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தொடவில்லை.

அப்போது மரவள்ளிக்குள்ளிருந்து குரல் வந்தது. கிட்ட வராதீர்கள், கம்பியைத் தொடாதீர்கள் என்று கத்தினாள் மலைக்காரி. டார்ச்சைத் திருப்பினால், காட்டுக்கு நடுவே இருந்த ஒரு பாறைமேல் மகளை மடியில் வைத்துக்கொண்டு, கால் தரையில் படாமல் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் முகத்தை அவள் தோளில் புதைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். பேருந்தைவிட்டு இறங்கியதும் மகளுக்குக் கால் வலிக்கிறதென்று புளியமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்கள். கீழ்ப்பக்க வேலியை அவர்கள் தாண்டும்போது மின்சாரம் இல்லை. எறும்புக் கடிகூட இல்லையே என்று மகள் கேட்டிருக்கிறாள். காட்டுக்குள் இந்த நாய் குரைத்துக்கொண்டு அவர்களோடு ஓடி வந்திருக்கிறது. மேல்பக்க வேலிக்கு வந்து, அவள் கவைக் கோலை எடுக்கக் குனிந்திருக்கிறாள். நாய் அவர்களை முந்திக்கொண்டு கம்பிக்குக் கீழே நுழைந்தது. அந்த நேரத்தில்தான் கொட்டகையில் சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள்.

"பாப்பா கையப் புடிச்சிக்கினு இருந்தேன்க்கா," என்றாள். "நாயி மொதல்ல போயிடுச்சு."

மேலே போக முடியாது. கீழே திரும்பிப் போகவும் வேலி. நாலு பக்கமும் கம்பி இருக்கும் காட்டுக்குள், தரையிலும் மின்சாரம் வருமோ என்று பயந்து பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அணைத்துவிட்டோம், வா என்றேன். வரவில்லை. கையிலிருந்த ஃபியூஸ் கட்டைகளை வெளிச்சத்தில் காட்டினேன். அவளுக்கு அவை வெறும் பீங்கான் துண்டுகள். அந்த அம்மாவும் எழுந்து வந்து சொன்னார். அவள் அசையவில்லை.

"நீ தொட்டுக் காட்டுக்கா," என்றாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. ஃபியூஸ் என் கையில் இருக்கிறது. ஒயரை விலக்கியாயிற்று. இது வெறும் கம்பி, எதையும் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருளும் அல்ல. அத்தனையும் தெரிந்தும் என் கை எழவில்லை. அந்த அம்மா டார்ச்சை என்மேல் பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

முதலில் புறங்கையை நீட்டினேன். புறங்கையால் தொட்டால், அடித்தாலும் கை தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கம்பி குளிர்ச்சியாக இருந்தது. ஒன்றும் இல்லை. பிறகு திருப்பி முழுக் கையாலும் பிடித்தேன். பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் பாறையிலிருந்து இறங்கி, மகளைத் தூக்கிக்கொண்டு நாயைச் சுற்றி வந்தாள். நான் கம்பியைத் தூக்கிப் பிடித்தேன். அவள் மறுபுறம் போய் நின்ற பிறகும் என் விரல்களைப் பிரித்து எடுக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

அந்த அம்மா அவளை மலையேற விடவில்லை. எங்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் மலைக்காரி மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் விவசாயிக்காகக் காத்திருந்தேன்.

முதல் பேருந்தில் வந்தார். மனைவி எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்; நேராக மேல்பக்க வேலிக்குப் போய் நாயைப் பார்த்துவிட்டு வந்து, முற்றத்தில் என் எதிரே நின்றார். கல்யாணச் சட்டை கசங்கியிருந்தது.

"சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

"பயந்துட்டேங்கண்ணா."

"இன்னாத்துக்கு? என்னப் பாத்தா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "ரெண்டு வச்சும் அடங்கலன்னு நம்பித்தான் லைன இழுத்தேன்," என்றார். "பாதிதான் இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா இழுத்திருக்க மாட்டேன். அந்தப் புள்ள செத்திருந்தா நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன். நீ கடையில ஒக்காந்திருப்ப."

பெட்டி எங்கே மாட்டியிருந்தது என்று காட்டச் சொன்னேன். கொட்டகையின் பின்சுவரில் ஆணி இருந்தது. அதற்குக் கீழே எர்த்துக்காக ஒரே ஒரு முழக் கம்பியைத் தரையில் அடித்திருந்தார்கள். பாறை மண். எலும்பாகக் காய்ந்திருந்தது. வேலி நெடுகிலும் கோவைக் கொடி பச்சையாகக் கம்பியில் ஏறியிருந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டி முதலிலிருந்தே சரியாகத்தான் தட்டியிருக்கிறது. அடி, பன்றியின் உடம்பு வழியாக மண்ணுக்குப் போய், எர்த் வழியாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். திரும்ப வழியில்லை, மிச்சம் இருந்ததும் கொடி வழியாக ஒழுகிப் போய்விட்டது. முதல் நாளே ஒரு தரம் வந்து பார்த்திருந்தால் இரண்டாவது கண்டன்சருக்கு வேலையே இருந்திருக்காது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் மேசையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

அன்று மதியமே கடைக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். கண்டன்சர்களைத் தனித்தனியாக ஷார்ட் செய்து, அவர் கண் முன்னாலேயே இரண்டாவதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் ஆள் உயரக் கம்பிகள் மூன்றை அடித்து எர்த் கொடுத்தோம். அவர் அரிவாளை எடுத்துக் கொடியை அறுத்தார். இரண்டு நாள் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தோம், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. பாதை வேலியைத் தாண்டும் இரண்டு இடத்திலும் ரப்பர் குழாய் மாட்டிய கொக்கி வைத்து, யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்டுகிற மாதிரி வாசல் விட்டோம். அது அவர் யோசனை. கடைசியில் ஒரு புல்லைப் பிடுங்கிக் கம்பியில் வைத்துப் பார்த்தவர் கையைச் சட்டென்று உதறினார். "ஒண்ணே போதும்," என்றார், என்னைப் பார்க்காமல்.

பன்றி அடியோடு நிற்கவில்லை. கம்மியானது. லைனை மறுபடி இழுக்கவில்லை என்று அந்த அம்மா பிறகு ஒருமுறை கடைக்கு வந்தபோது சொன்னார். அவர் வரவில்லை. வீட்டில் எது பழுதானாலும் அந்த அம்மாவே எடுத்து வருவார்.

மலைக்காரிக்கு நான் உடனே சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை நான் ஓடி வந்து காப்பாற்றியவள். வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு உருண்டை புளி கொண்டுவந்து வைப்பாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். அவர்கள் இப்போது அந்தக் காட்டு வழியாக வருவதில்லை. வாசல் வைத்திருந்தும் ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டு வேறு தடத்தில் இறங்கினார்கள். மகள் துணி காயப்போடும் கொடிக் கம்பிக்குக் கீழேகூடக் குனிந்து போவதில்லையாம். அதைக் கேட்ட பிறகும் நாலு மாதம் புளியை வாங்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆடி மாதம் ஒருநாள், மகள் வராமல் அவள் தனியாக வந்திருந்தபோது சொன்னேன். இரண்டு டப்பாவையும் எடுத்து, இப்படி வைத்தால் ஜாஸ்தி, இப்படி வைத்தால் கம்மி, நான் இப்படி வைத்தேன், அதனால் அவர் அப்படிச் செய்தார் என்று முழுதாகச் சொன்னேன். உன்னை நினைத்துத்தான் செய்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. முடித்ததும் அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாளில் வரவில்லை. இருபது நாளிலும் வரவில்லை. ஆவணி பாதியில் ஒரு வியாழக்கிழமை வந்து கடை வாசலில் நின்றாள். ரிப்பேருக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றாள். ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள்.